திருநீறு பூசிய கதவு

என் பேத்தி கிருஷ்ணப்ரியா ஒருநாள் குடையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாள். அவள் அம்மா பிரேமா லேசாகத்தான் கடிந்துகொண்டாள். பிள்ளை என்னிடம் வந்து, “தாத்தா, எங்கப்பாவுக்கும் மறதி சாஸ்தியா?” என்று கேட்டாள். குழந்தை கேட்பதில் தப்பில்லை, எங்கேயாவது காதில் விழுந்திருக்கும். “இல்ல தாயீ” என்று சொல்லி, கையில் ஒரு போளியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, சரக்கு ஏற்றிய ஊரில் வேகன் கதவைச் சாத்திய சுடலைக்குமாரை விட்டுவிடுங்கள். அவன் முந்தின நாள் அங்கே கதவின் கொண்டியைச் சரியாகப் போடாததால்தான் எங்கள் சுமை ஆட்களின் மேஸ்திரி சங்கரபாண்டியன் செத்தார் என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். செய்யாத தப்புக்கு ஒருவன் கவனமில்லாதவன் என்று பேர் வாங்கக்கூடாது. அந்தப் பேர் அவனோடு போகாது, பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

நான் ரயில் பெட்டிகளைச் சோதிக்கிறவன். சரக்கு வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு சக்கரமாகச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல சக்கரம் மணிபோலப் பேசும், விரிசல் விட்டது கம்மும். அச்சுப்பெட்டி சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பேன். பிரேக்கட்டை, கொக்கி, கதவின் கீல் எல்லாம் பார்த்துத்தான் வண்டியை விடுவேன். என் கை பட்டுப் போன வண்டி எங்கும் கவிழ்ந்ததில்லை. வேலை நேரத்தில் எறும்புப் புற்றைக்கூட மிதித்தவனில்லை நான்.

என் மகன் செல்வகணேஷ் எனக்குக் கீழே கலாசியாக, எடுபிடி உதவியாளாக இருந்தான். வேகனுக்கு அடியில் புகுந்து வேலை பார்க்கும்போது தண்டவாளத்தின் ஓரம் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி நிற்கிறவரை அந்த வேகனை ஒருவரும் அசைக்கக்கூடாது. நட்டவனே வந்து பிடுங்க வேண்டும். எங்கள் வேலையில் இது சாமி காரியம் மாதிரி.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், நான் விளாத்திகுளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, அவன் பிரேக் கம்பியை முடுக்க அடியில் புகுந்திருக்கிறான். மேஸ்திரிக்கு அவசரம். வேகன் ஷெட்டின் வாசலுக்கு நேராக வந்தால் சுமப்பவர்களுக்கு நடை குறையும். கடப்பாரை போட்டு நெம்பித் தள்ளச் சொல்லிவிட்டார். சக்கரம் என் மகனின் இடுப்பில் ஏறியது.

கொடியே இல்லை என்றார் மேஸ்திரி. விசாரணைக்கு வந்தவர்கள், இறந்தவரின் மறதி என்று எழுதிவிட்டார்கள். நான் அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரக் கரிசலில் எதை ஊன்றி எடுத்தாலும் தடம் அப்படியே நிற்கும். தண்டவாளத்தின் ஓரத்தில் கொடிக்கம்பு நின்ற குழி இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். விசாரணைக்காரர்கள் வந்தபோது வெயில் காய்ந்து நிலம் முழுக்க வெடித்திருந்தது. அந்த வெடிப்புகளுக்கு நடுவே என் குழியைக் காட்டினேன். சிரிக்கவில்லை, நல்ல மனிதர்கள். தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மேஸ்திரியிடம் நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போய் வாழ்த்தினேன். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுபோனேன். கனிவாக நடந்தால் மனசு இளகும் என்பது என் நம்பிக்கை. எத்தனையோ தடவை தனியாகக் கேட்டிருக்கிறேன், கேஸ் வேண்டாம், கொடி இருந்தது என்று என் பேத்தியிடம் மட்டும் வந்து சொல்லுங்கள் என்று. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

பேத்தி கேட்ட மறுநாள் டீக்கடையில் வைத்துக் கேட்டேன். ஆட்கள் இருந்தார்கள்.

“அண்ணாச்சி, கொடி இருந்தா எனக்குத் தெரியாதா, எனக்கென்ன கண்ணு பொட்டையா?” என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “ஏலே, அண்ணாச்சி ரயிலுக்கெல்லாம் வைத்தியம் பாக்காவ. வீட்டுல இருந்த மறதிக்கு மட்டும் மருந்து அகப்படல பாத்துக்கோ” என்றார்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் டீயையும் என் கணக்கில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கூட்ஸ் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. நான்தான் தொடங்கிவைத்தேன். சரக்கு இறக்கும் முன் பூவனநாதர் கோயில் திருநீற்றை ஒரு கதவில் பூசுவேன். மேஸ்திரி கர்ப்பூரம் கொளுத்தி, அந்தக் கதவைத்தான் முதலில் தன் கையால் திறப்பார். வேறொருவர் நிழலும் அதன்மேல் விழக்கூடாது என்று ஆட்களை டீக்கடையிலேயே நிறுத்திவிடுவார். எந்தக் கதவு என்பது என் இஷ்டம்.

போன வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் உர மூட்டை வண்டி வந்தது. ஒரு வேகனில் கீல் இரண்டும் அறுந்திருந்தன. உள்ளே மூட்டைகள் சரிந்து கதவின்மேல் சாய்ந்து கிடந்தன. முந்தைய ஸ்டேஷனில் சோதித்தவர் பொறுப்பானவர். கதவைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, திறக்காதே என்று சாக்பீஸில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார். நான் கம்பியை அவிழ்த்தேன். குறியை ஈரத்துணியால் துடைத்தேன். ஈரம் காய்ந்ததும் அந்த இடத்தில் திருநீற்றைப் பூசினேன். முருகா என்று சொல்லித்தான் பூசினேன்.

மேஸ்திரி வந்து கர்ப்பூரத்தைக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொண்டியைத் தூக்கினார். கதவும் மூட்டைகளும் சேர்ந்து வந்தன.

நான் ஓடவில்லை. நடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையும் ஒரு கையும் வெளியே இருந்தன.

“கொடி இருந்துச்சா மேஸ்திரி?”

“இருந்துச்சு அண்ணாச்சி. நாந்தான் பிடுங்கி முள்ளுக்குள்ள எறிஞ்சேன். ஆளுவளக் கூப்பிடுங்க.”

விசில் என் சட்டைப்பையில் இருந்தது. ஊதியிருந்தால் டீக்கடையிலிருந்து எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். பத்துப் பேர் பிடித்தால் அந்தக் கதவைத் தூக்கிவிடலாம். டாக்டர் அவர் உடனே செத்திருப்பார் என்று எழுதியிருக்கிறாராம். அப்படி இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் தண்டவாளத்தில் கிடந்தபோது தண்ணீர் கேட்டிருக்கிறான். தன் செம்பிலிருந்து அவன் வாயில் ஊற்றியது சங்கரபாண்டியன்தான். பார்த்தவர்கள் சொன்னார்கள். தகப்பன் நான் ஊற்ற வேண்டிய தண்ணீர் அது. யார் செய்தாலும் நல்லது நல்லதுதான், அதை மறக்கக்கூடாது.

அவர் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, புரையேறாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். போதும் என்று அவர் கண்ணை மூடுகிறவரை ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை. அவர் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த வேகனின் சக்கரத்தைத் தட்டப் போனேன்.