லேசான நாளுக்குக் கால் சுற்று

சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது, ஐயா. மூட்டை தூக்க வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் சைக்கிள் கடையில் இருந்தவன் நான். அதனால்தான் என் தங்கை புருஷன் தன்னுடைய பந்தய சைக்கிளை வேறு ஆள் தொட விடமாட்டார். அவரும் தொடமாட்டார். கையில் கறை படிந்தால் மாப்பிள்ளைக்கு அன்றைக்கெல்லாம் மனசு சரியிருக்காது. அவர்கள் மாடியில், நான் கீழே. சைக்கிள் என் கதவுக்கு எதிரே படிக்கட்டுக்கு அடியில் நிற்கும்.

வேலையிடத்திலும் அவர் எனக்கு மேலேதான். நான் மூட்டை தூக்குகிற கிடங்குக்கு அவர்தான் சூப்பர்வைசர். அவர் வருவதற்கு முன்னால் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு முறை வைத்திருந்தோம். இன்றைக்கு ஆறு பேர் மூட்டை தூக்கினால் மற்ற ஆறு பேர் கிழிந்த சாக்கைத் தைப்பார்கள், தரையைக் கூட்டுவார்கள். மறுநாள் மாறிக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, முதுகு சொல்லிக் கொடுத்தது. மாப்பிள்ளை வந்த மாதமே சாக்கு தைக்க மெஷின் வந்தது, முறை போனது. பன்னிரண்டு பேருக்கும் தினமும் மூட்டை. மேலிடத்தில் கைதட்டினார்களாம். எங்கள் கை மூட்டையில் இருந்ததால் எங்களால் தட்ட முடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் அவருக்கு சைக்கிள் ஞானம் பிறந்தது. அவரைப் போலவே தொப்பை குறைக்க வந்த நாலு பேரோடு சேர்ந்து, மலைப்பாதைப் போட்டிக்குப் பேர் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் பாடம் நடக்கும்.

"கஷ்டமான நாள் கஷ்டமா இருக்கணும். லேசான நாள் லேசா இருக்கணும். உடம்பு தேறுறது எப்போ? ஓட்டும்போதா? இல்லை, மறுநாள் சும்மா இருக்கும்போது. இது தெரியாமதான் பாதிப் பேர் உடம்பைக் கெடுத்துக்கறான்."

எங்களில் ஒட்டகம் என்று ஒருவன், தோள் அப்படி வளைந்துபோனவன், என் காதில் சொன்னான்: "அவருக்கு இருக்கறது தொடை. நமக்கு இருக்கறது தூணா?"

நான் அன்று மாலையே மரியாதையாகப் போய்க் கேட்டேன். "மாப்பிள்ளை, நீங்க சொல்ற கணக்குதான் எங்க பழைய முறையும். திருப்பிக் கொண்டுவந்தா நல்லா இருக்கும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பாகத்தான். "மச்சான், அது பயிற்சி. இது வேலை. ரெண்டும் ஒண்ணா? உங்களுதெல்லாம் பழகிப்போன உடம்பு."

எனக்குக் கோபம் வரவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். படித்தவர் ஒரு விஷயத்தைப் பாதிதான் புரிந்துவைத்திருக்கிறாரே, மீதியையும் புரியவைப்போம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

செவ்வாய், வியாழன், சனி அவருக்குக் கஷ்டமான நாள். அந்த நாட்களில் சைக்கிளை நான் ஒன்றும் செய்யவில்லை. புதன், வெள்ளி, ஞாயிறு லேசான நாள். அந்த விடியற்காலைகளில் மட்டும் பின் பிரேக்குக் கம்பியின் திருகைக் கால் சுற்று இறுக்குவேன். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் உரசும். லேசான நாளில் அவர் காதில் பாட்டு மாட்டிக்கொள்வார், அதனால் சத்தம் கேட்காது. திரும்பி வந்ததும் துடைக்கிற சாக்கில் தளர்த்திவிடுவேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மெதுவாகப் போயிருந்தால் அந்த உரசல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர் எவ்வளவு வேகம் போனார் என்று அந்த நாலு பேரும் போனில் பார்ப்பார்கள். லேசான நாளானாலும் மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் மானம் போய்விடும். ஆகவே மிதித்தார். என் திருகு யாரையும் மிதிக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் முகம் வெளுத்தது. கஷ்டமான நாளில் வேகம் குறைந்தது. சோம்பேறியாகிவிட்டோம் என்று நினைத்து அவரே இன்னும் மேட்டுப் பாதையைச் சேர்த்துக்கொண்டார். இந்த உதவியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். உள்ளே அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். "துடிப்பு நடுநடுவே தவறுது. ஒருநாள் அழுத்தி ஓட்டினா மறுநாள் கண்டிப்பா லேசாத்தான் ஓட்டணும். ரெண்டு நாள் சேர்ந்தாப்பல சிரமப்பட்டா நான் பொறுப்பில்லை."

"லேசான நாள்ல லேசாத்தான் டாக்டர் ஓட்டறேன்," என்றார் மாப்பிள்ளை. பாவம், பொய் சொல்லவில்லை.

என் தங்கை அழுதாள். "அண்ணா, நீயாவது மெதுவாப் போகச் சொல்லேன்." சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். புதன்கிழமை சைக்கிளை வெளியே எடுத்துக் கொடுக்கும்போதுகூடச் சொன்னேன். திருகைக் கால் சுற்று இறுக்கிவிட்டுத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கிடங்கில் எங்களோடு மூட்டை மேல் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"மச்சான், ஒரு மாசமா எனக்கு ஓய்வே இல்லாத மாதிரி இருக்கு. தூங்கி எழுந்தாலும் கால் இரும்பாக் கனக்குது. நீங்கள்லாம் வருஷக்கணக்கா இப்படித்தான் இருக்கீங்களா?"

"பழகிப்போச்சு மாப்பிள்ளை," என்றேன்.

அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேன். மேலிடத்துல பேசி ஒத்துக்க வச்சுட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து உங்க பழைய முறைதான்."

ஒட்டகம் வாயில் வைத்த சோற்றோடு அழுதான். நானும் நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை அவர் மேட்டில் நன்றாக அழுத்தி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். திருகை வழக்கமான கால் சுற்று இறுக்கினேன். பிறகு இன்னொரு கால் சுற்று.

மாப்பிள்ளை காதில் பாட்டை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார். "இன்னிக்கு லேசா ஒரு சுத்து. வண்டி நல்லா இருக்கா மச்சான்?"

"எண்ணெய் போட்டிருக்கேன்," என்றேன்.

பாலத்து ஏற்றத்தில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை. அதுவரைக்கும் வேகம் இருபத்திரண்டு என்றுதான் போனில் இருந்ததாம். கடைசிவரை குறைக்கவில்லை.

ஆக, செய்தது நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை. கேட்டது கிடைத்த பிறகும் ஏன் செய்தாய் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், ஐயா. ஆனால் அவர் திங்கட்கிழமையிலிருந்து என்றுதானே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருந்ததே.