சாட்சிகளின் வசதிக்காக

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஃபிஜியில் லாவ் தீவுக்காரன், அதிலும் சொந்தப் படகு வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். இருபது வருடமாக நான் ஊருக்குப் போகாமல் தலைநகர் சூவாவில் குடியிருப்பதற்குக் காரணமே கடலில் வரும் அந்த வாந்திதான்.

படகு என்னுடையது. ஊரில் அதை ஓட்டியவன் என் தம்பி அபிசாய். போன வருடம் பவளத்திட்டுக்கு வெளியே பின்பலகை பிளந்து படகு முழுகியது, தம்பி திரும்பவில்லை. கவா குடித்த போதையில் ஓட்டினான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஏதாவது சொல்லத்தானே வேண்டும். அவன் மனைவி லிதியானா என் மேல் சிவில் வழக்குப் போட்டாள். நஷ்டஈடும் கேட்டிருந்தாள். ஆனால் தம்பி மேல் தவறில்லை என்று நீதிமன்றம் எழுதித் தர வேண்டும் என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

அவளுக்கு ஒரே ஒரு சாட்சி. என் அப்பா நெமானி. பின்பலகையில் விரிசல் என்று அவர் தொலைபேசியில் சொன்னதும், பிசின் பூசி ஓட்டச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதும் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவருக்குப் பொய் சொல்ல வராது. அந்தத் திறமை எனக்கு எங்கிருந்து வந்ததோ.

எங்கள் தீவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிபதியே கப்பலில் வந்து, ஊர்க் கூடத்தில் வழக்குக் கேட்பார். வழக்கைச் சூவாவுக்கு மாற்றும்படி மனுப் போட்டேன். படகு கட்டியவர், எஞ்சின் மெக்கானிக், நான், மூவரும் சூவாவில் இருப்பவர்கள். ஒரு கிழவர் வருவதா, மூன்று பேர் போவதா? அப்பாவின் உடல்நிலை பற்றி எதிர்த்தரப்பு ஒரு காகிதமும் தாக்கல் செய்யவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள்.

அப்பா கூப்பிட்டார்.

"ஏன்டா இசோவா, அந்த நீதிபதி வாந்தி எடுத்துக்கிட்டே நம்ம ஊருக்கு வந்து பழகிட்டாரு. அவரை ஏன்டா கெடுக்குற?"

"சட்டம்ப்பா."

"சட்டத்துக்கு உன் மூஞ்சி இருக்குடா."

லிதியானா போனைப் பிடுங்கினாள். "அத்தான், மாமா நெஞ்சுக்கு ஒன்றரை நாள் கப்பல் ஆகாது. உங்களுக்கே தெரியும்."

"அப்ப வர வேணாம்னு சொல்லு."

"வரலேன்னா என் புருஷனைக் குடிகாரன்னே எழுதிடுவாங்க. அதானே உங்களுக்கு வேணும்?"

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"பயமாப்பா?"

எழுபத்தெட்டு வயதிலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் நானும் தம்பியும் அவரை உயரமான தென்னையில் ஏற வைப்போம்.

அடுத்த கப்பலில் கிளம்பினார். வழியிலேயே இறந்தார். நான் அவருக்குப் பிடித்த டின் மீனும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு துறைமுகத்தில் நின்றிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உடலோடு ஊருக்குப் போனேன். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. எங்களுக்குத் துக்கம் நூறு நாள். அந்த நாட்களில் வீட்டார் எதை விலக்க வேண்டும் என்று சொல்வது மூத்த மகன். கரையோரம் மீன் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம்தான். வீட்டுப் பெண்கள் தீவை விட்டுப் போகக் கூடாது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். துக்கத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். மீறினால் லிதியானாவையும் அவளுடைய இரண்டு பெண்களையும் ஊரில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"நல்ல மகன் அத்தான் நீங்க," என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

விசாரணை துக்கத்தின் அறுபத்திரண்டாம் நாள். வாதி வரவில்லை. வழக்கு தள்ளுபடி.

அப்பாவின் டாக்டரே உங்களிடம் நகல் கொடுத்துவிட்டாராம், அதனால் மறைக்கவில்லை. அப்பாவுக்குக் கடல் பயணம் உயிருக்கு ஆபத்து என்று அவர் எனக்கு அனுப்பிய கடிதம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதைப் படிக்கும் வரை வழக்கை மாற்றும் யோசனையே எனக்கு இல்லை. படித்த அன்று மாலை வக்கீலைக் கூப்பிட்டேன். படகில் விரிசல் இருந்தது தெரியும். அப்பா கப்பலேறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் நான் அவரை ஏறச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

இனி என் மேல் வழக்கு வரும். லிதியானா அதைத் தீவில் நடத்தச் சொல்லிக் கேட்பாள். தயவுசெய்து சூவாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை அந்தக் கப்பலில் ஏற்றினால் என் உயிரே போய்விடும். மனிதனுக்கு மனிதன் இந்த இரக்கம்கூடக் காட்ட மாட்டோமா?