சுவரை இடித்தது யார்

அந்த நாற்காலி ஆடும்; ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருங்கள். விசாரிக்க வந்த இடத்தில் உங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். அவர் உள்ளே தூங்குகிறார்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். நான் கற்றுக்கொள்ளப் போனவள். மூன்றாம் நாள் வண்டி தபால் நிலையச் சுவரில் மோதியது. எங்கள் காதல் கதை அவ்வளவுதான். ஆனால் அவர் வாயில் அது அரை மணி நேரம் ஓடும். "பிரேக்க மிதிம்மான்னேன், அவ என் காலை மிதிச்சா" என்று ஆரம்பிப்பார். முதல் வருஷம் சுவர் மட்டும் இடிந்தது. பத்தாம் வருஷம் கூட ஒரு சைக்கிள். இருபதாம் வருஷம் எங்கிருந்தோ ஓர் எருமையும் வந்து சேர்ந்தது. உறவுப் பிள்ளைகளுக்கு நான் 'புல்டோசர் அத்தை'. கல்யாண வீடு, துக்க வீடு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் அப்பா செத்துக் கிடந்த அன்றும் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள்.

அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பியது அவர். எதிரே சிவப்புக் குடை பிடித்துப் போன ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் புருஷன் மூக்கை உடைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். தங்கமான பெண்.

"நீங்க சந்திச்ச கதையை ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லுங்கம்மா" என்றாள். "நாங்க, நாங்கன்னு சொல்ற ஜோடி நல்லா இருக்கும். நான் வேற, அவ வேறன்னு சொன்னா, வீட்டுக்குள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம்."

நான் ஆரம்பித்தேன். அவர் வாய் கோணி, நெற்றி வியர்த்து, நாலு மாதம் கழித்து முதல் சொல்லைச் சொன்னார்.

"சு... சுவரு."

பெண் கைதட்டினாள். அவர் என்னைக் காட்டிச் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. எனக்கு அதுவே போதும்.

மறுநாள் அவள் வேலை செய்யும் நிலையத்துக்குப் போன் செய்தேன். மகள் ஊருக்குக் குடிபோகிறோம், இனி யாரும் வர வேண்டாம் என்றேன். ஆனால் வந்த பேச்சு தானாக வளர்ந்தது. ஒருநாள் "தண்ணி" என்றார், கணீரென்று. நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி "தண்ணி" என்றார்.

"சீப்பு இல்லையா? அப்ப செருப்பா?" என்று கேட்டேன்.

போர்வை கேட்டால் செய்தித்தாள் கொடுத்தேன். "வலிக்குது" என்றால் ரேடியோவைப் போட்டேன். தண்ணீர் கொடுக்காமல் இல்லை. அவர் கேட்காத நேரத்தில் கொடுத்தேன். நான் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. தான் நினைப்பது ஒன்று, தன் வாயில் வருவது வேறொன்று என்று அவர் நம்புவதற்கு மூன்று வாரம் பிடித்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதையை நான் சொல்கிறேன். எருமையை அவிழ்த்து விட்டுவிட்டேன், குடையைச் சேர்த்தேன். நாங்க, நாங்க என்றுதான் சொல்கிறேன். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழியும்.

"பழசை நினைச்சு அண்ணன் எப்படி உருகுறான் பாருங்க" என்று என் நாத்தனாரே சொன்னாள். "ஜோடின்னா இதுதான் ஜோடி."

போன வாரம் அந்தப் பயிற்சிப் பெண், ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்ன என்னைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. நேற்றுக் காலை நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். ஐந்து மாதமாகப் பேசாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல், "மன்னிச்சிடு" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. சவரக் கத்தியைக் கீழே வைத்தேன். ஆனாலும் ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட மனம் வரவில்லை.

"மிளகாயா?" என்று கேட்டேன். "உங்களுக்கு இப்ப எதுக்கு மிளகாய்?"