கிராணியார் வாங்கிய மலிவு எண்ணெய்

— ...அதெல்லாம் ஒண்ணுமில்ல நவமணி, எண்ணெய்னா எண்ணெய்தான். அந்த பேசின் சட்டிய இந்தப் பக்கம் தள்ளு... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்.

— மோட்டார் காடிக்கு அடியில படுத்துக்கிட்டு என்னா பேச்சுப் பேசுறீங்க! முன்னெல்லாம் தானா ராத்தா டவுனுக்குப் போயி, படம் போட்ட அந்த டின்னுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிப்பீங்க. இப்ப மூணு மாசமா ரிங்லெட் சீனத் தவுக்கே கடையில தோங்கு டிரம்முலேருந்து புடிச்சுக் குடுக்குற எண்ணெய். ஏன்னு கேட்டா வாயே தொறக்கிறதில்ல.

— அதான் சொன்னேனே. மலிவு.

— மலிவா? தீவாளிக்கு எனக்குச் சேல எடுக்கும்போதுகூட வெல பாக்காத மனுசன் நீங்க.

— சேலைய மூணு வாரத்துக்கு ஒருக்கா வடிச்சுட்டு மாத்த வேணாம் லா. ஸ்பானர எடு... பெருசு இல்ல, சின்னது.

— இந்தாங்க. பாஞ்சாலை வீட்டுக்காரரும் இப்படித்தான் திடீர்னு மட்ட எண்ணெய் ஊத்த ஆரம்பிச்சாராம். மறு மாசமே காடிய வித்துட்டாராம்.

— அப்படியா?

— விக்கப்போற காடிக்கு நல்லதா ஊத்தி என்ன பிரயோசனம்னு அவரே சொன்னாராம்.

— ம்ம்... இந்த நட்டு வேற இறுகிக் கெடக்கு...

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— நீ எங்க கேட்ட? பாஞ்சாலை கதையத்தானே சொன்ன... இரு, அசையுது... வந்துருச்சு! கைய எடு, கைய எடு! இப்பத்தான் எஞ்சின அணைச்சேன், சுடும்!

— அம்மாடி! இவ்வளவு கறுப்பாவா?

— கறுக்கிறது நல்லதுதான். உள்ள இருக்கிற அழுக்க இழுத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். ஒசந்த எண்ணெய ஊத்திட்டு ஆறு மாசம் அப்படியே விட்டு வைக்கிறவன் முட்டாள். மலிவா வாங்கினாலும் முப்பது நம்பர் கெட்டியான்னு பாத்து வாங்கி, காலாகாலத்துல மாத்துறவன் காடிதான் ஒழைக்கும்.

— அதுக்குன்னு மூணு வாரத்துலயா இப்படிக் கறுக்கும்? கணக்கு எழுத ஆபீசுக்கு நடந்தே போறீங்க. ஞாயித்துக்கெழம கோயிலு, பாசாரு. அத விட்டா இந்தக் காடி எங்க ஓடுது? சும்மா நிக்கிற காடிக்கு எப்படி...

— ம்ம்? எப்படி? ஏன் நிறுத்திட்ட? சொல்லு.

— ஒண்ணுமில்ல. பனியினால இருக்கும்.

— பனியினால எண்ணெய் கறுக்குதா?

— எனக்கென்ன தெரியும்? நானென்ன ஃபிட்டரா? நீங்க பாட்டுக்கு வடிங்க.

— வடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

— என்ன கிராணியாரே, ஞாயித்துக்கெழமையும் காடிக்கு அடியிலதானா? கால மட்டுந்தான் பாக்க முடியுது!

— வாங்க மாடசாமி அண்ணே! பசியாறிட்டீங்களா?

— ஆச்சு தங்கச்சி. லோரியக் கழுவலாம்னு போனேன். உங்க காடியப் பாத்ததும் ஞாபகம் வந்துருச்சு. கிராணியாரே, நேத்து மத்தியானம் அணைக்கட்டு வளைவுல உங்க...

— அண்ணே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம் தங்கச்சி. அந்த வளைவுல நான் லோரிய ஓரங்கட்டி நிக்கிறேன், எதிர்த்தாப்புல இந்தக் காடி...

— அண்ணே! வீட்டுல ஜெயா அக்கா கூப்புடுற சத்தம் கேக்குது!

— ஜெயா தாப்பா டவுனுக்குப் போயி ரெண்டு நாளாச்சே தங்கச்சி... ஏன் இப்படிக் கண்ணக் காட்டுற? ஓ...

— அவள விடுங்க மாடசாமி அண்ணே, நீங்க சொல்லுங்க. வளைவுல என்ன?

— அது வந்து கிராணியாரே... வளைவுல... பனிங்க. நல்ல பனி. அதச் சொல்லத்தான் வந்தேன். லோரிக்குச் சோப்பு போட்டுட்டு வந்துட்டேன், காஞ்சிரும். வர்றேன் தங்கச்சி!

— போயிட்டாரா?

— போயிட்டாரு.

— இன்னிக்கு எல்லாரும் பனியப் பத்தியே பேசுறீங்க. வெளிய பாத்தா வெயிலடிக்குது.

— நேத்து வெயில் அடிக்காம இருந்திருக்கும்! பேச்ச மாத்தாதீங்க. இப்ப நேராவே கேக்குறேன். காடிய விக்கப் போறீங்களா இல்லியா?

— திடீர்னு உனக்கேன் இந்தச் சந்தேகம்?

— திடீர்னு இல்ல. வெள்ளிக்கெழம பிரிஞ்சாங்லேருந்து ஒரு ஆளு வந்தான். நாடாவ வெச்சு முன் சீட்ட அளந்தான். நீங்களும் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனீங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்.

— பாத்துட்டியா...

— பாத்துட்டேன். அன்னி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

— சரி, விக்கிறேன்னே வெச்சுக்க. உனக்கென்ன அதுல? நீயா ஓட்டப்போற?

— ஆமா! ஓட்டுறேன்!

— என்னது?

— ஓட்டுறேன்னேன். மூணு மாசமா ஓட்டுறேன். நீங்க சாப்புட்டுட்டு ஆபீசுக்குப் போனதும், பள்ளிக்கூடம் விட்டு பத்மா டீச்சர் வருவாங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. ரிங்லெட் வரைக்கும் எறங்கி ஏறுவோம். ஓட்டிப் பழகுற எல் லைசன் எடுத்தாச்சு. நாளைக்கழிச்சு, செவ்வாக்கெழம தானா ராத்தாவுல டெஸ்ட்டு. போதுமா? எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— அந்தத் துணிய இப்படித் தள்ளு, நட்டத் தொடைச்சு மாட்டணும்.

— ஏங்க, கோவமா? கோவப்பட்டாலும் பரவால்ல, கேளுங்க. போன வருசம் வயித்து வலியில சுருண்டு கெடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? காடி வாசல்ல நிக்குது. சாவி என் கையில இருக்கு. அத வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம, கொட்டுற மழையில மாடசாமி அண்ணனத் தேடி லயத்து வீடுங்களுக்கு ஓடினேன். போற வழியெல்லாம் அழுதுக்கிட்டே போனேன். உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?

— நவமணி...

— நீங்க தேறி வந்ததும் எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டேன். என்ன பண்ணுனீங்க? சிரிச்சீங்க. மொதல்ல தையல் மிஷின நேரா ஓட்டுன்னு பக்கத்து வீட்டு சீதா முன்னாலயே சொல்லிச் சிரிச்சீங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், லைசன கையில புடிச்சுக்கிட்டுத்தான் உங்ககிட்டப் பேசணும்னு.

— அது... தப்புத்தான்.

— பெட்ரோல்கூட உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானே ஊத்தி வெச்சேன். ஒரு சொட்டுக் கொறைய விட்டதில்ல. அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேங்க. செவ்வாக்கெழம வரைக்குமாவது விக்காதீங்க. அந்தக் காடியில ஓட்டித்தான் எனக்குக் கை படிஞ்சிருக்கு... ஏங்க, அடியில என்ன சத்தம்? அழுறீங்களா? சிரிக்கிறீங்களா?

— எண்ணெய் கண்ணுல தெறிச்சுருச்சு.

— பொய்! வெளிய வாங்க. வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, விக்கிறீங்களா இல்லியா?

— வந்துட்டேன். பாரு, எண்ணெய் டின்ன எடுத்து உன் கையிலயே குடுக்குறேன், நீயே ஊத்து. விக்கிற காடிக்கா ஒருத்தன் ஞாயித்துக்கெழம மண்ணுல படுத்துப் பொரளுவான்? ஞாயித்துக்கெழம பாதி டாங்கியோட நிறுத்துற காடி சனிக்கெழம முக்கா டாங்கியோட நிக்குது. உலகத்துல எந்தக் காடி நின்ன எடத்துல பெட்ரோல் சொரக்கும்? மொத வாரமே தெரிஞ்சு போச்சு புள்ள. சிரிச்சவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து கேக்குறது, வெக்கமா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். வெள்ளிக்கெழம வந்தவன் உன் சீட்ட ஒசத்த மெத்த தைக்கிறவன். நீ தலகாணிய அடியில போட்டுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குறன்னு டீச்சர்தான் சொன்னாங்க. எண்ணெய் ஏன் மலிவுன்னு காலையிலேருந்து கேக்குறியே... ரிங்லெட் ஏத்தம் முச்சூடும் நீ ரெண்டாம் கியர்லயே உறுமிக்கிட்டு ஏறுற ஏறுக்கு, மூணு வாரத்துக்கு ஒருக்கா படம் போட்ட டின்னு வாங்கினா கிராணி சம்பளம் தாங்குமா? ஊத்து, ஊத்து, சிந்தாம ஊத்து. செவ்வாக்கெழம மட்டும் மூணாம் கியருன்னு ஒண்ணு இருக்கிறத மறந்துறாத தாயே.