முக்கால் மணி நேரம்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். பல் துலக்கி, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றரைத் தம்ளர் தண்ணீர் வைக்கிறேன். கொதித்ததும் இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, துணிப்பையிலிருக்கும் காபித்தூள்மேல் ஊற்றுகிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வேண்டாத கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். டின் பால் இரண்டு கரண்டி. சன்னலருகே நின்று குடிக்கிறேன். கீழே டன்லப் ஸ்திரீட்டில் அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றுகிறார்கள். தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஏழேகாலுக்கு பஸ். போன வருஷம் ஆவணி வரை இரண்டு தம்ளர்களைக் கவிழ்ப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

துரைசாமி மச்சான், உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உங்கள் தங்கை சிவகாமியின் தலைத்திவசம் முடிந்ததும், ஆவணிக் கடைசியிலேயே இளையவள் மங்களத்தை எனக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குளுவாங்கிலிருந்து எந்த ரயிலில் வந்தால் எனக்கு வசதி என்பதை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் கண்ட பெண்ணை, அது இதயத்தைத் தொட்டுவிட்டது தெரியாமல் என் தலையில் கட்டிவிட்டதாக வருந்தியிருக்கிறீர்கள். மங்களத்தை ரப்பர்த் தோட்டத்து டாக்டரிடம் காட்டியாயிற்று, கல் மாதிரி இருக்கிறாள் என்கிறீர்கள். "பொண்டாட்டிக்குத் தினமும் காபி போட்டுக் குடுத்த மாப்பிள்ளையை நாங்க வேற எங்கே போய்த் தேடுவோம்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் காபியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ரசாயனம் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று விவரமாக நீங்கள் கேட்டதில்லை. சோதனைக்கூடத்தில் உதவியாளன். கடைகளிலிருந்து வரும் உணவுப் பொருள்களில் கலப்படம் பார்க்கிறோம். என் மேசைக்கு வருவது பெரும்பாலும் காபித்தூள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினால் நல்ல காபி எண்ணெய்ப் பசையால் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே மூழ்கும். காபியிலிருந்து காஃபீனைத் தனியாகப் பிரித்தால், வெள்ளையாக, பஞ்சுபோல, ஊசி ஊசியாக நிற்கும். காபி வாசனை அதில் துளியும் கிடையாது. நாக்கில் வைத்தால் கசப்பு மட்டும்.

இதைச் சிவகாமியிடம் ஒருமுறை சொன்னேன். "அப்ப அந்தக் கசப்பை உள்ளே தள்ளத்தான் இவ்வளவு பாலும் சீனியும் போடறோமா?" என்று சிரித்தாள். அவளுக்கு ரசாயனம் எளிதாகப் புரிந்தது.

நல்ல உடம்புக்குக் காபி பெரிய கெடுதல் எதுவும் செய்வதில்லை. களைப்பைப் போக்கும் என்பார்கள். போக்குவதில்லை. களைப்பு உடம்பிலேயே இருக்கும். இருப்பது நமக்குத் தெரியாது. அத்துடன் நாடி கொஞ்சம் வேகம் பிடிக்கும். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

1962 மே மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் சிவகாமியைப் பார்த்தார். சீனர், பொறுமையானவர். இங்கிலீஷில் பேசினார். அவள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கி, சட்டைப் பொத்தான் துளை அளவுக்கு வந்துவிட்டது. இதயம் நிதானமாக அடித்தால் அதன் வழியே இரத்தம் இறங்க நேரம் கிடைக்கும். வேகமாக அடித்தால் கிடைக்காது. இரத்தம் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வால்வைத் திறந்துவிட ஆபரேஷன் இருக்கிறது. வயது இருபத்து நான்குதான், நன்றாகத் தேறிவிடுவாள். பிறகு மாடிப்படி ஏறலாம், பிள்ளை பெறலாம். இருபது பேரில் ஒருவர் ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்திருப்பதில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. நாடி தொண்ணூறுக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். நின்றால் தேதி கொடுப்பேன். மாத்திரை தருகிறேன். காபியும் டீயும் அறவே கூடாது. இது ஒப்புதல் தாள், கணவர் கையெழுத்து வேண்டும், அடுத்த மாதம் கொண்டு வாருங்கள்.

"என்னங்க சொல்றாரு, இவ்வளவு நேரம்?" என்றாள் சிவகாமி.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடணுமாம். ஆபரேஷன் ஒண்ணு இருக்காம். அவசரமில்லையாம்."

"காபி?"

"குறைச்சுக்கணுமாம்."

"நிறுத்தச் சொல்லலையே?"

"இல்லை."

அந்தக் கடைசிச் சொல் ஒன்றுதான் பொய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் நான் சரியாகவே நடந்துகொண்டேன். இதை நீங்கள் நம்பலாம். அவள் குடித்தது வெறும் சிக்கரி. அதில் காஃபீன் கிடையாது. "இதுல உயிரே இல்லைங்க" என்பாள், ஆனால் முழுதும் குடித்துவிடுவாள். நானே போட்டுக் கொடுத்தால்தான் தூளை மாற்றியது தெரியாது என்று காபி வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது.

கீழ்வீட்டுப் பிலோமினம்மாளுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் என் காது கேட்கவே தன் புருஷனிடம் சொன்னாள்: "பாருங்க, பி.எஸ்ஸி. படிச்ச மனுசன் அடுப்படியில நிக்கிறாரு. நீங்க என்ன படிச்சீங்கன்னு ஈஸிசேர்ல கெடக்கீங்க?"

"போன கிறிஸ்மஸுக்குப் போட்டேனே" என்றார் இயேசுதாசன். "ஒரு வாய் குடிச்சுட்டுப் பூனைக்கு ஊத்தினே. பூனையும் குடிக்கலைலா."

சிவகாமி மாடியில் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். படுத்தால் மூச்சு முட்டும் என்று அவள் உட்கார்ந்தே தூங்குவாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷமாக அப்படி. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நாடியைத் தினமும் எண்ணினேன். நூற்றுப் பத்திலிருந்து மெதுவாக இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் எண்பத்தாறில் நின்றது. டாக்டர் மறுநாள் தேதி கொடுத்துவிடுவார். ஒப்புதல் தாளை எடுத்து மேசைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்தான் தண்ணீர் வைத்தேன். சிக்கரி டப்பாவை எடுக்கவில்லை. சோதனைக்கு வந்ததில் மிச்சமான ரொபஸ்டா ரகக் காபித்தூள் இருந்தது. மலைக்காபியைவிட அதில் ஏறக்குறைய இரட்டிப்பு காஃபீன். திக்காக இறக்கி, பாலைக் கூட்டிக் கொடுத்தேன்.

"இன்னைக்குத்தான் காபி மாதிரி இருக்கு" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

காஃபீன் இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். பெஞ்சில் காத்திருப்பது இருபத்தைந்து நிமிடம். அதை நான் கணக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்திருந்தது.

நாடி நூற்றுப் பதினாறு. டாக்டர் என்னைப் பார்த்து, காபி ஏதாவது குடித்தாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. பல நாளாகப் பசி என்பதே இல்லாமல் இருந்தது. எதிர்க்கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு சாப்பிட்டீங்களே, நல்லது" என்றாள்.

ஏன் என்று கேட்பீர்கள். மேசையில் அவள் செத்தால் அது என் கையெழுத்தால். நோயில் செத்தால் யார் கையெழுத்தும் இல்லை. முதலில் இதைத்தான் எனக்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். இருபதில் ஒன்று என்பது சின்ன எண் என்பது எனக்குத் தெரியும். எண்களோடு வேலை செய்பவன் நான். இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்வது கடினம். ஆபரேஷன் என்றால் ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும், லீவு எழுத வேண்டும், உங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டும், வாரக்கணக்கில் வராந்தாவில் நிற்க வேண்டும். எனக்கு அத்தனை களைப்பு. அவள் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்தது எதுவும் நடக்க வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன்.

ஜூலையிலும் அதே தூள், அதே பெஞ்சு. நாடி நூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு நான் சிக்கரிக்குத் திரும்பவில்லை. இரண்டு டப்பா வைத்துக்கொள்வது தொந்தரவாக இருந்தது.

அந்த மாதத்திலிருந்து சிவகாமியிடம் ஒரு மாற்றம் வந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பாள். பிறகுதான் குடிப்பாள். சூடு ஆறட்டும் என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை, "ஏங்க, இன்னைக்கு நான் குடிக்கட்டுமா?" என்று கேட்டாள். அதற்கு முன்பு அவள் அப்படிக் கேட்டதில்லை.

"ஆறிடும். குடி" என்றேன்.

குடித்தாள். தேதி மூன்றாவது முறையும் தள்ளிப்போனது. பன்னிரண்டு நாள் கழித்து, நான் வேலையில் இருந்தபோது, பகல் பதினொரு மணிக்கு இயேசுதாசன் போன் செய்தார். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சான்றிதழில் வால்வு நோய் என்று இருக்கிறது. அது உண்மைதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சொல்வது ஒருவிதத்தில் சரியாக இருந்திருக்கும்: ஒரு பலவீனமான மனிதன், தன் மனைவிக்குத் தெரியாமல் ஒரு தவறு செய்தான். ஆனால் டிசம்பரில் தேக்கா மார்க்கெட்டில் பூவம்மாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஆயா. நோயாளிகளை உள்ளே அழைத்துப்போய் எடை பார்ப்பவர்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஆபரேசன் ஆயிருச்சா?" என்றார்.

சொன்னேன். முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ, நான் ஜூலையிலயே சொன்னேன்லா. எடை பார்க்கையில வாயில காப்பி வாசம் வந்துச்சு. 'ஏம்மா, காப்பியே ஆகாதுன்னு டாக்டர் எழுதி வச்சிருக்காரு, இதனாலதான் ஆபரேசன் தள்ளிப்போவுது, உன் வீட்டுக்காரருகிட்டதான் சொன்னாரே'ன்னு கேட்டேன். அதுக்குத் தெரியவே தெரியாது. முகம் அப்படியே போயிருச்சு. டாக்டருகிட்ட நான் சொல்லவான்னேன். கையைப் பிடிச்சுக்கிச்சு. 'வேணாங்க்கா. அவரு தூங்கி ரெண்டு வருசமாச்சு. நானே வீட்ல பேசிக்கிறேன்'னுச்சு." என் முகத்தைப் பார்த்து, "பேசுச்சா தம்பி?" என்றார்.

இல்லை என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை, மச்சான். நீங்கள் எனக்குக் கொடுத்தது சரிசெய்துவிடக்கூடிய ஒரு நோய். ஒரு வருஷமாக உங்களை வருந்தவிட்டதும் நான் செய்ததுதான். கையெழுத்தில்லாத அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போலீஸிடம் கொடுப்பதானால் கொடுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வரும். நடுவில் ஆள் வேண்டியதில்லை.

மங்களத்தைப் பற்றி ஒன்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது அவள் என்னிடம், "அத்தான், உங்க காபி மாதிரி வராதுன்னு அக்கா எழுதியிருந்தா. எனக்கும் கொஞ்சம் போட்டுத் தாங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். நல்ல உடம்பு, ஒன்றும் ஆகவில்லை. அவள் தம்ளரைக் கீழே வைத்ததும் என் கை தானாகத் திரும்பியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை ரயிலேற்ற வேண்டாம்.

கடைசியாக ஒரு திருத்தம். சிவகாமி கடைசியில் உங்கள் பெயரைச் சொன்னாள் என்று சுடுகாட்டில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் அழுதீர்கள். அவள் சொல்லவில்லை. அவள் போன அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்தேன். தம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு இதைத்தான் சொன்னாள்:

"நாளைக்கு நீங்க சீக்கிரம் எந்திரிக்க வேணாம். நல்லாத் தூங்குங்க."