கறிபாப் குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள்

ஹலோ... பியாட்ரிஸ், கேக்குதா? ... ஆமா, பிரேமலாதான். காலேஜ் சமையல் கூடத்துக்கு வெளியில நிக்கிறேன்லா, மெதுவாத்தான் பேசணும்... பாப்பா தூங்குதா? ... சரி சரி, நீயும் மெதுவா பேசு.

கிழங்கு வச்சிப் பொரிச்ச கறிபாப் செஞ்சி விக்கிறாங்களே, நம்ம பிள்ளைங்க, அவங்களுக்கு மென்டர் கிடைச்சிட்டாங்க... ஆமா, ரெண்டு பேருமே... ஆமா ஆமா, பேரும் அனுப்பியாச்சி. இன்னிக்குத்தான் கடைசி நாள், விட்டிருந்தா பிள்ளைங்கள வியாபாரப் போட்டியில இருந்தே எடுத்திருப்பாங்க.

செய்யிறதுக்கு ஒருத்தர், விக்கிறதுக்கு ஒருத்தர்னு லீவுல போறதுக்கு முன்னாடி நீதானே சொன்ன? செய்யிறதுக்கு இங்க கோத்தா திங்கியில கேட்டரிங் பண்றாரே, வாலண்டைன். விக்கிறதுக்கு செடெனாக்ல இருக்கிற ஐயாசாமி அண்ணன், பிரீசர் சாப்பாடு கடைகடையா போடுறாரே, அவரு... ஏன் சிரிக்கிற? ... ஐயோ அலமாக்! உனக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் ஒண்ணா கடை வச்சி, சண்ட போட்டுப் பிரிஞ்சவங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ... சரி, நான் கேக்கல. தப்புதான்.

உள்ள வந்து ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க பாரு... அண்ணன் கார் சாவிய எடுத்துட்டாரு. வாலண்டைன் அதுக்குள்ள கதவுகிட்ட போயிட்டாரு.

அப்பதான் லோஷினி... ஆமா, அந்த லோஷினிதான். பேர் கூப்பிட்டாக்கூட கைய மட்டும் தூக்குமே, அதே பிள்ளதான். கறிபாப் தட்டோட போயி வாசல மறிச்சி நின்னிருச்சி. "அங்கிள், சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னுச்சி.

எப்படி வேணாம்பாங்க? சுடச்சுட இருக்கு. எடுத்தாங்க. வாலண்டைன் கதவப் பாத்துக்கிட்டே, உருளைக்கிழங்கு சரியா வேகலன்னாரு. அண்ணன் சுவரப் பாத்துக்கிட்டு, கிழங்குல ஒண்ணும் இல்ல, ஓரம் மடிச்சதுதான் சரியில்ல, பிரீசர்ல வச்சா வாயப் பொளந்துக்கும்னாரு. உடனே வாலண்டைன் திரும்பி, "நீ என்னிக்கு மடிச்ச? கடையில எல்லாத்தையும் நான்தானே மடிச்சேன்"...

சண்டதான்லா. ஆனா சட்டக் கைய மடிச்சி விட்டுட்டு ரெண்டு பேரும் மாவு பெசையிறாங்க. குழுவுல மத்த ரெண்டு பிள்ளைங்க, கவினும் நிக்கோலும், நடுவுல நின்னு, இந்தப் பக்கம் ஒரு தலையாட்டு, அந்தப் பக்கம் ஒரு தலையாட்டு...

எப்படி ஒத்துக்கிட்டாங்களா? அதக் கேளு. நான் போயி, சனிக்கிழம சனிக்கிழம யாரு வர்றீங்கன்னு கேட்டேன். "அவன் தப்பா சொல்லிக் கொடுத்துருவான், நான் வந்தே ஆகணும்"னு அண்ணன் சொல்றாரு. வாலண்டைனும் அதே வார்த்தையத்தான் சொல்றாரு... சிரிக்காத, பாப்பா எந்திரிச்சிரும்.

இரு... கண்ணாடி வழியா தெரியுது. வாலண்டைன், ஐயாசாமி அண்ணன் தோள்ல கைய வச்சி என்னமோ காட்டுறாரு. சட்ட பூரா மாவு. அண்ணன் தட்டி விடல, பியாட்ரிஸ். சிரிக்கிறாரு... இல்ல, நான் அழல. மூக்கு ஒழுகுது... சரி, கொஞ்சம் அழறேன். போதுமா?

என்ன? ... உன்ன இல்ல, இரு. லோஷினி வந்திருக்கு... நானா? நான் கணக்கு டீச்சர்மா, எனக்குக் கறிபாப் மடிக்கவெல்லாம்... ஆங்? ... நகம் வெட்டணுமா? ... கைய எங்க கழுவணும்? ... சரிம்மா. சரி.

பியாட்ரிஸ், லோஷினி முதலாளியம்மா போன வைக்கச் சொல்லுது...