தள்ளாடிய காலுக்கு நான் வைத்த பெயர்

மேடையிலிருக்கும் பெரியோர்களே, எங்கள் ஸ்கேன் மையத்துத் தோழர்களே, குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து வேன் பிடித்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் குடும்பத்தாரே! உங்களுக்கு வணக்கம் சொல்லக்கூட இன்று எனக்கு நாக்கூசுகிறது. ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் குணசேகரன் பேசுகிறேன்.

நம் வசந்தகுமார், எம்.ஆர்.ஐ. டெக்னீசியன் வசந்தகுமார், உங்கள் ஊர்ப் பக்கமே பிறந்தவர், பதினோரு ஆண்டுகள் எனக்குப் படமெடுத்துத் தந்தவர். படம் மட்டுமா எடுத்தார்? உங்கள் வட்டாரத்தில் நாற்பதைத் தாண்டினால் சிலருக்குக் கால் தள்ளாடும், பேச்சு குழறும். 'ஊத்திக்கிட்டு ஆடுறான்' என்று ஊர் சொன்னது. இல்லை, இது சிறுமூளை சுருங்குகிற பரம்பரை நோய் என்று படத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டவர் அவர்தான்! அறிக்கை எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

விடுமுறை நாளெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கினார். இது எதற்கு என்று நான் சிரித்தேன்.

"எந்தச் சித்தப்பா பேரைப் போடாம விட்டிருக்காங்களோ, அவருக்குத்தான் சார் இந்த நோய் இருக்கும். சபையில தள்ளாடுவாருன்னு ஒதுக்கிருப்பாங்க" என்றார்.

அப்படியே ஐந்து குடும்பங்களின் வம்ச வரிசையை வரைந்துவிட்டார்! பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று அவரைப்போல் பொறுமையாக உங்களுக்கு எந்த மருத்துவர் சொன்னார்? நான் சொன்னேனா?

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலை, வசந்தகுமார் சுவரைப் பிடித்தபடி மாடியேறி வந்தார். பேச்சு குழறியது. நோயாளிகள் பத்துப் பேர் பார்த்திருக்க, "என்னய்யா, காலையிலேயே ஊத்தியாச்சா? வீட்டுக்குப் போய்த் தெளிஞ்சு வா" என்றேன்.

"சார், ரெண்டு நிமிசம் பேசணும்" என்றார். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. திரும்பி இறங்கியவர் படியில் உருண்டு விழுந்தார்.

தலையில் இரத்தக்கசிவு. ஸ்கேன் எடுத்தோம். பதினோரு ஆண்டு எனக்குப் படம் தந்தவரின் தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிறுமூளை சுருங்கிப் போயிருந்தது! ஊர் சொன்னது அறியாமை. அதே படத்தை எத்தனை பேரிடம் பார்த்திருந்த நான் சொன்னது என்ன? மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அந்தப் படியில் அவரை இறங்கச் சொன்னவன் நான்.

மன்னிப்புக் கேட்க அவர் மனைவி அருணா அம்மாவிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னது ஊரெல்லாம் பரவிருச்சுங்க டாக்டர். நோயின்னே மேடையில சொல்லிருங்க. மக சரண்யாவும் சொல்லச் சொல்லிருச்சு. அதுக்கு வரன் வராட்டிப் போகுது. எங்க வீட்டுக்காரரு குடிச்சுட்டு விழுந்தாருன்னு மட்டும் இருக்க வேணாம்."

சபையோரே, கேளுங்கள்! வசந்தகுமார் அன்று குடித்திருக்கவில்லை. என்றுமே குடித்ததில்லை. நோயோடு நடந்து வந்து உங்களுக்காக வேலை பார்த்தார்.

அவர் போக நினைத்து முடியாமல் போன வீடுகள் இன்னும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஞாயிறுதோறும் நான் வருவேன். நோயைப் பற்றி வாய் திறக்குமுன் ஒவ்வொரு வாசலிலும் முதலில் இதைச் சொல்வேன்: "வசந்தகுமார் குடிக்கலங்க. குடிச்சாருன்னு சொன்ன டாக்டர் நான்தான்."